பதினாறாம் நாள் கேள்வி

எனக்கு முதல் சொந்தக் கேஸ் வந்தது பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையால்.

திண்டிவனத்தில் ஏறும்போதே கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். விழுப்புரத்தில் கோர்ட் பக்கத்து நிறுத்தத்தில் நிற்குமா என்றேன், நிற்கும் என்றார். விக்கிரவாண்டி தாண்டியதும் மனுஷனுக்கு மனசு மாறிவிட்டது. "அங்கெல்லாம் நிக்காதும்மா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ புடிச்சிக்கினு போ" என்றார். என் ஒரு கையில் கேஸ் கட்டு, மறு கையில் வக்கீல் கவுனை மடித்து வைத்த பை. நீதிபதி வந்து உட்காரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று, "ஏறும்போது நிக்கும்னு சொன்னீங்களா இல்லியா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். அவர் டைமிங் என்றார், டிராஃபிக் என்றார். நான் அதே கேள்வியைக் கேட்டேன். மறுபடியும் அதையே கேட்டேன். கடைசியில் டிரைவர்தான் தாங்க மாட்டாமல், "யப்பா, அந்தம்மாவை எறக்கி வுட்டுடுப்பா, காது வலிக்குது" என்று பிரேக் போட்டார்.

இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பினால், எனக்குப் பின்னாலேயே ஓர் அம்மா இறங்கி நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. அந்த நிறுத்தத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"நீ வக்கீலாம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"கேட்டதையே கேட்டுக்கினு நின்ன பாரு, அப்பவே நெனச்சேன். எனக்கும் ஒருத்தன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். எனக்குக் கேக்க வரல. நீ கேக்குறியா?"

சட்டக் கல்லூரியில் விழுந்து விழுந்து படித்ததெல்லாம் ஒரு ஆளைக்கூட என்னிடம் கூட்டிவரவில்லை. என் வாய் கூட்டிவந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் பண்ணப் போகிறாய் என்று என்னைத் திட்டாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது.

அதற்கு முன்னால் சில வருஷங்கள் நான் வாய்தா வக்கீல். கேஸ் கூப்பிட்டதும் எழுந்து, "சீனியர் வேற கோர்ட்டுல இருக்காருங்கய்யா, இன்னொரு தேதி வேணும்" என்று சொல்லி, கொடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வருவதுதான் என் தொழில். திண்டிவனத்தில் சீனியர் ஒருவருடைய ஆபீசில் ஜூனியராக இருந்தேன். கூட இருந்த இன்னொரு ஜூனியர் என் வயதுக்காரர். இருவரும் ஒரே சமயத்தில்தான் சேர்ந்தோம். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரைச் சார் என்பேன். இரண்டு வருஷத்தில் அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்துவிட்டார். கோர்ட்டுக்காரர்கள் பாஷையில் கிராஸ். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்கிற பக்கத்தைப் புரட்டி நீட்டிக்கொண்டிருந்தேன்.

சீனியர் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. தங்கமான மனுஷர். என்னை மகள் மாதிரிதான் பார்த்துக்கொண்டார். அந்த மகள் மாதிரியில்தான் வந்தது வினை. ஆறு மணி ஆனால், "இருட்டிப் போச்சும்மா, நீ கெளம்பு" என்பார். நான் கிளம்பிய பிறகுதான் கட்சிக்காரர்கள் வருவார்கள். வயலில், கடையில் வேலையை முடித்துவிட்டு வந்து உட்காருவார்கள், டீ வரும், பேச்சு ஓடும். எந்தச் சாட்சி உளறுவான், எதிராளி எந்த இடத்தில் பொய் சொல்கிறான், பங்காளிகளுக்குள் உண்மையில் என்ன தகராறு என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். அதைக் கேட்டவர்தான் அடுத்த நாள் எழுந்து கேள்வி கேட்க முடியும். நான் அடுத்த நாள் எழுந்து வாய்தா வாங்குவேன். இருந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தால், வந்த கட்சிக்காரரே, "வூட்டுல தேடமாட்டாங்களாம்மா?" என்று கேட்டார். நான் இருந்ததால் அவருக்கு மனம்விட்டுப் பேசவும் முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கென்றே இன்னொரு வேலை இருந்தது. எந்தப் பெண் அழுதுகொண்டு ஆபீசுக்குள் வந்தாலும், "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். ஜீவனாம்சம், விவாகரத்து எல்லாம் எனக்கு. நிலத்தகராறு என்றால் மூச்! அது ஆண்கள் பார்க்கிற கேஸ். ஜீவனாம்சக் கேஸ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதில்தான் உயிர் போகிற வலியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணீரைப் பார்த்தால் எனக்குக் கொடு, நிலத்தைப் பார்த்தால் அவருக்குக் கொடு என்று யார் பாகம் பிரித்து வைத்தது? இதைக் கேட்டால், "உங்களுக்குத்தான் மேடம் அந்தப் பொறுமை இருக்கு" என்பார்கள். எனக்கா பொறுமை! அந்தக் கண்டக்டரைக் கேட்டால் தெரியும்.

கோர்ட் வராந்தாவில் கவுன் மாட்டி, கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு நிற்பேன். கட்சிக்காரர் ஒருவர் வந்து என்னிடமே, "ஏம்மா, வக்கீல் எப்ப வருவாரு?" என்பார். உள்ளே போய் அவர் கேஸுக்கே வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வருவேன். "இன்னும் வக்கீல் வரலியேம்மா" என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பார். போதுமடா சாமி என்று ஆகிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் ஒயர் கூடையோடு அந்த அம்மா வந்தார்.

அவருக்குப் பிறந்த ஊர் கோலியனூர் பக்கம். கட்டிக்கொடுத்தது திண்டிவனம் பக்கம். அப்பாவுக்குக் கிணற்றோடு கொஞ்சம் நிலம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் போடுவார்கள். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டே பேர், இவரும் ஒரு தம்பியும். அப்பா உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். சட்டப்படி ஆளுக்குப் பாதி. இதைச் சொல்ல வக்கீலே வேண்டாம்.

சிக்கல் பதினாறாம் நாள் காரியத்தில் வந்தது. இனி இவன்தான் வாரிசு என்று தம்பி தலையில் உருமா கட்டியாகிவிட்டது. பந்தலில் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியப்பா முறை ஆகும் ஒருவர் சபை நடுவில் எழுந்து, "இன்னாம்மா, பொறந்த வூட்டுல இருந்து உனக்கு ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் பல வீடுகளில் நானே பார்த்திருக்கிற வழக்கம் இது. கேட்கிறவருக்கும் பதில் தெரியும், கேட்கப்படுகிற பெண்ணுக்கும் தெரியும். எனக்கு எதுவும் வேணாம், தம்பி நல்லா இருந்தா போதும் என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னதும் நாலு பேர் நல்ல பொண்ணு என்பார்கள். ஒரு புடவை எடுத்துக் கொடுப்பார்கள். இவரும் சொன்னார். நல்ல பொண்ணு என்றார்கள், புடவையும் கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து இவருடைய கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார். தன் பங்கு நிலம் இருந்தால் பயிர் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் போய் வாயைத் திறந்திருக்கிறார். "நீதான் சபையிலேயே வேணாம்னு சொல்லிட்டியேக்கா" என்று அவர் முடித்துவிட்டார்.

"நான் வேணாம்னு சொன்னது நெசம்தாம்மா" என்றார் அந்த அம்மா என்னிடம். "ஆனா அவங்க வேணுமான்னு கேட்டாங்களே, அது நெசமா? அதைத்தான் அவன்கிட்ட கேக்கணும். நேர்ல நின்னா எனக்கு நாக்கு பொரள மாட்டேங்குது. நான் தூக்கி வளத்தவன் அவன்."

பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். வக்காலத்தில் என் பெயர் மட்டும். சீனியரிடம் சொன்னபோது, "நெலத்து கேஸ் இழுக்கும்மா, பாத்துக்கோ" என்றார். தடுக்கவில்லை. தம்பி தரப்பில் பெரிய வக்கீல் ஒருவரை வைத்தார்கள். அக்கா தன் விருப்பப்படி சபையில் பங்கை விட்டுக்கொடுத்தார், அது குடும்பத்துக்குள் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு, அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பயிர் வைத்தோம் என்று பதில் போட்டார்கள். வாய் வார்த்தையால் நிலம் கைமாறாது என்று சட்டம் பேச நான் தயாராக இருந்தேன். ஆனால் அந்த வார்த்தைக்குள் விருப்பம் என்று ஒன்று இருந்ததா இல்லையா என்பதை உடைக்காமல் கேஸ் நிற்காது. அதை உடைக்க ஒரே இடம்தான். தம்பி கூண்டில் ஏறும் நாளில் நான் கேட்கப்போகிற கேள்விகள். அந்த நாளுக்காகவே காத்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது, சமைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எல்லாம் அந்தக் கேள்விகள்தான் மனசுக்குள் ஓடும்.

வழக்கோடு சேர்ந்து என் வயிறும் வளர்ந்தது. அந்த அம்மா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னபோது நான் நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் கேள்வி கேட்க எழுந்தபோதெல்லாம் நானும் ஆட்சேபணை சொல்ல மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நீதிபதியே ஒரு கட்டத்தில், "உக்காந்தே சொல்லுங்கம்மா" என்றார். அப்புறம் எனக்கு மகள் பிறந்தாள். நான் வீட்டில் இருந்த மாதங்களில் அந்தச் சக ஜூனியர்தான் எனக்காகப் போய் வாய்தா வாங்கினார். எனக்காக ஓர் ஆண் வாய்தா வாங்குகிறார் என்பதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். ஆனால் எத்தனை முறைதான் கொடுப்பார்கள்? அடுத்த தேதிதான் கடைசி வாய்ப்பு, அன்று கிராஸ் பண்ணாவிட்டால் அவ்வளவுதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

அந்தத் தேதிக்கு முந்தைய வாரம், மகளை வீட்டில் விட்டுவிட்டு முதல் முறையாக விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல்கள் உட்காரும் அறையில் நல்ல கூட்டம். சீனியரும் வந்திருந்தார். எல்லோரும் குழந்தையைப் பற்றி விசாரித்தார்கள். யார் ஜாடை, இரவில் தூங்குகிறாளா, நிறம் என்ன என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அந்தச் சக ஜூனியர் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மேடம், அந்தக் கோலியனூர் கேஸ் கிராஸுக்குக் கடைசி வாய்ப்பு. நீங்க கைக்கொழந்தைய வெச்சிக்கினு எதுக்குக் கஷ்டப்படணும்? நான் பண்ணிடட்டுமா?"

அறை முழுக்க என்னையே பார்த்தது. ஒரு முகத்தில்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோர் முகத்திலும் அன்பு, அக்கறை. சீனியர் தலையை ஆட்டினார்.

"பரவால்ல சார், நீங்களே பண்ணிடுங்க" என்றேன்.

"நல்ல பொண்ணு" என்றார் சீனியர். "மொதல்ல கொழந்தையைப் பாரும்மா. கேஸ் எங்க ஓடிப் போவுது?" யாரோ எனக்கு ஒரு டீயை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோடும் சண்டை போடவில்லை. உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். மாலையில் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி, இன்னொரு சார் வருவார், கெட்டிக்காரர், என்னைவிட நன்றாகவே கேட்பார் என்று சொன்னேன். அப்புறம் அவர் குரல் வந்தது.

"பரவால்லம்மா. உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? எனக்கு ஒன்னும் இல்ல. நீ நல்லா இருந்தா போதும்."

போனை வைத்துவிட்டு மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். பால் குடித்துக்கொண்டிருந்தாள். நீ நல்லா இருந்தா போதும், நீ நல்லா இருந்தா போதும் என்று அது காதில் திரும்பத் திரும்ப ஓடியது. சட்டென்று உறைத்தது. இது பந்தலில் அவர் தம்பிக்காகச் சொன்ன பதில். அதே வார்த்தை. சொல்ல வைத்த ஆள்தான் வேறு. இந்த முறை அது நான்.

அப்படியென்றால் எனக்கு என்ன நடந்தது? அதுவும் ஒரு சபைதான். அங்கேயும் ஒருவர் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அங்கேயும் பதில் என்னவென்று கேட்டவருக்குத் தெரியும், சுற்றி இருந்தவர்களுக்கும் தெரியும். நான் வேண்டாம் என்றேன், நல்ல பொண்ணு என்றார்கள், புடவைக்குப் பதில் டீ கொடுத்தார்கள். சே! எனக்கு வந்த கோபத்தில் மகளைப் பிடித்திருந்த பிடி இறுகிவிட்டது. மகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டாள்.

இதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எதிர்த்து நிற்கிறவரிடம் எனக்குச் சண்டை போடத் தெரியும். கண்டக்டராகட்டும், எதிர்த்தரப்பு வக்கீலாகட்டும், முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். ஆனால் உனக்கு ஏன் சிரமம் என்று ஒருவர் கேட்டால் எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அன்பாகக் கேட்கிறவரிடம் முகத்தைக் காட்டினால் நான் ராட்சசி. அதனால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறேன். என்னோடு படித்த பெண்களை நினைத்துப் பார்த்தேன். ஒருத்தியைக்கூட யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்றார்கள், மாமியாருக்கு உடம்பு தேறட்டும் என்றார்கள், வெயிலில் அலையாதே என்றார்கள். எல்லாமே நல்ல வார்த்தைகள். இன்றைக்கு அவர்களுடைய கவுன்கள் பீரோவில் இருக்கின்றன.

பள்ளிக்கூட வேலை முடிந்து கணவர் வந்தார். சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"யாரைக் கேட்டு வேணாம்னு சொன்ன? அன்னிக்குக் கொழந்தையைப் பாத்துக்கத்தான் நான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். அவன் காரைக்கூடக் கேட்டு வெச்சிருக்கேன்." அவன் என்றது அவருடைய சிநேகிதரை.

"என்கிட்ட சொல்லலியே?"

"நீ கேக்கலியே!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்போதே அந்தச் சக ஜூனியருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த கிராஸை நானே பண்றேன்."

"ஏன் மேடம்? என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு. ஆனா அது என் கேஸ்."

"நான் நல்லதுக்குத்தான சொன்னேன்? இப்ப பேஜாரு பண்றீங்களே. சீனியர்கிட்ட வேற சொல்லியாச்சு."

"தெரியும் சார். நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எனக்கு அந்த நல்லது வேணாம்."

அவர் மனசு நொந்தது குரலிலேயே தெரிந்தது. நாலைந்து நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கேஸ் கட்டை ஒரு தாள் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். அடுத்து அந்த அம்மாவுக்குப் பேசி, நானே வருகிறேன் என்றேன். "அப்பாடா" என்று அவர் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நாளும் வந்தது. கோர்ட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டுக் கணவர் மகளோடு இருந்தார். காலையில் காரிலேயே பால் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பகல் பன்னிரண்டு தாண்டியும் கேஸைக் கூப்பிடவில்லை. மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. இப்போது வெளியே போனால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். கூப்பிட்டபோது ரவிக்கை நனைந்துவிட்டிருந்தது. மேலே கறுப்புக் கவுன் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெயில் காலத்தில் எத்தனையோ நாள் அந்தக் கவுனைச் சபித்திருக்கிறேன். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

தம்பி கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பயந்த கண்கள். வில்லன் மாதிரி இருப்பார் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக நின்ற அவரைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. எனக்கும் வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த நெலத்துல உங்க அக்கா வேலை செஞ்சிருக்காங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"செஞ்சிருக்குதுங்க. கல்யாணம் ஆவுற வரைக்கும் மல்லாட்டை ஆயறது, களை எடுக்கறது எல்லாம் அதுதாங்க."

"காரியத்தன்னிக்கு அவங்களுக்கு ஏதாச்சும் வேணுமான்னு யார் கேட்டாங்க?"

"பெரியப்பா கேட்டாருங்க."

"அதுக்கு முன்னாடி நீங்க தனியா அக்காகிட்ட கேட்டீங்களா?"

"இல்லீங்க. சபையில கேக்கறதுதாங்க மொறை."

"உனக்கு ஏதாச்சும் வேணுமான்னு உங்களை யாராச்சும் கேட்டாங்களா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. நீதிபதியைப் பார்த்தார், தன் வக்கீலைப் பார்த்தார். "என்னை எதுக்குங்க கேக்கணும்? நான் ஆம்பளப் புள்ளைங்க" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்கள்.

"சரி. அன்னிக்கு உங்க அக்கா, ஆமா, எனக்கு வேணும்னு சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். நடக்காததைப் பற்றியெல்லாம் கேட்கக் கூடாது என்றார். விருப்பப்படி விட்டுக்கொடுத்தார் என்று சொல்கிறார்களே, விருப்பம் என்றால் இரண்டு பதிலுக்கும் இடம் இருக்க வேண்டுமே என்றேன். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதில் சொல்லட்டும்" என்றார்.

"அது எப்படிங்க சொல்லும்?" என்றார் தம்பி.

"ஏன் சொல்லக் கூடாது?"

"யாருமே சொல்ல மாட்டாங்கம்மா. கேக்கறது அதுக்காக இல்லீங்களே."

"பின்ன எதுக்காகக் கேக்கறாங்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனியவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்காகக் கேக்கறாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன்.

முறை என்றார், வழக்கம் என்றார். மறுபடியும் அதையே கேட்டேன். எனக்கே பஸ் ஞாபகம் வந்தது.

"வேணாம்னு சொல்றதுக்காகத்தாங்க" என்றார், மிக மெதுவாக.

எங்கள் கோர்ட்டுகளில் கேள்வியும் பதிலுமாக எழுத மாட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக நீதிபதி சொல்ல, டைப் ஆகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "சபையில் வாதியைக் கேட்டது, அவர் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் என்றால் சரிதான்." டைப் அடிக்கிற சத்தம் நிற்கும் வரை நின்றேன். வேறு கேள்விகள் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வராந்தாவில் தம்பி எங்களைக் கடந்து போனார். போனவர் நின்று, "இப்படி எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்க வெச்சிட்டியேக்கா" என்றார்.

"என்னையும் எல்லார் முன்னாடியும்தானடா கேட்டீங்க" என்றார் அந்த அம்மா. அவருக்கு நாக்குப் புரண்டுவிட்டது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி படியிறங்கிப் போய்விட்டார்.

நான் காருக்கு ஓடினேன். மகள் பசியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கணவர் அவளைத் தோளில் போட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கவுனைக்கூடக் கழற்றாமல் வாங்கிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் வக்கீல்கள் அறைக்குப் போனபோது விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. "கலக்கிட்டியாமேம்மா" என்றார் சீனியர். அவர் முகத்தில் இருந்த பெருமை நிஜமானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். "இனிமே வாதம்தான பாக்கி? பெரிய வக்கீல் எதிர்ல நிக்கறாரு. அதை மட்டும் என்கிட்ட வுட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். மறுபடியும் அறை முழுக்க என்னைப் பார்த்தது. மறுபடியும் எல்லா முகத்திலும் அதே அன்பு.

"இல்லீங்க சார்" என்றேன். "அது எனக்கு வேணும்."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் செய்தித்தாளைப் பிரித்தார். சீனியர், "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். அன்று அங்கே யாரும் என்னை நல்ல பொண்ணு என்று சொல்லவில்லை.

வாதத்தை நானே பேசினேன். தீர்ப்பு பாதிப் பங்கு என்று வந்தது. மேல்முறையீட்டுக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன், தம்பி போகவில்லை. நிலத்தை அளந்து கல் நட்டார்கள். என் தொழிலில் எல்லாம் மாறிவிட்டதா என்றால், ஐயோ, இல்லை. அழுதுகொண்டு வருகிற பெண்களை இன்றும் என் மேஜைக்குத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்களோடு நிலமும் வருகிறது. கோபக்கார மேடம் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று கேள்வி. முன்னாலேயே பேசட்டுமே!

தன் பங்கில் முதல் அறுவடை முடிந்ததும் அந்த அம்மா திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒயர் கூடை நிறைய அவித்த மல்லாட்டை. உட்கார்ந்து உரித்துக்கொண்டே பேசினோம். தம்பி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்ததாம், நேரில் வந்து அழைக்கவில்லையாம். அவன் புள்ளைக்கு நான்தானே மொதல்ல நலங்கு வெக்கணும் என்றார். பிறகு அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

"இப்பல்லாம் எங்க சனத்துல என்னை யாரும் நல்லவள்னு சொல்றது இல்லம்மா."

"என்னையும்தாங்க" என்றேன்.

மகள் என் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மா ஒரு பருப்பை உரித்து, பிதுக்கி மசித்து நீட்டி, "இன்னாம்மா, உனக்கு ஏதாச்சும் வேணுமா?" என்றார். சொல்லி முடித்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. நானும் உரிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மகள் வெளியே வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வேணும்" என்றாள். "நெறைய வேணும்."

அந்த அம்மா கூடையையே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.